நீளமான, ஒடுங்கிய படுக்கையறை: முதலில் வழி, பிறகு கட்டில்

8 அடி அகலம், 15 அடி நீளம். பெருக்கிப் பார்த்தால் 120 சதுர அடி. ஒரு படுக்கையறைக்கு அது தாராளம். ஆனால் சாமான்களை உள்ளே வைத்ததும் அறை ரயில் பெட்டி மாதிரி ஆகிவிடும். இடம் நீளத்தில் கிடக்கிறது, சாமான்கள் தின்பதோ அகலத்தை. அதனால் கட்டிலோ அலமாரியோ மேசையோ, எதை வாங்குவதானாலும் ஒரே கேள்விதான்: இது அகலத்தில் எத்தனை அங்குலம் எடுக்கும், எடுத்தபின் நடக்க எவ்வளவு மிஞ்சும்? நீளத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நேரம் கடைசியில்தான் வரும்.

அளவெடுப்பு

அகலத்தை மூன்று இடத்தில் அளந்துகொள்ளுங்கள்: கதவுப் பக்கம், நடு, ஜன்னல் பக்கம். சுவர்ப் பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் இருக்காது. 15 அடி ஓடும் சுவரில் ஒரு அங்குலம் கூடக்குறைய இருப்பது சாதாரணம். மூன்றில் எது குறைவோ அதுதான் உங்கள் அறையின் அகலம். சுவரின் அடியில் ஓடும் பட்டை (ஸ்கர்ட்டிங்) பதித்திருந்தால் தரை மட்டத்தில் இரண்டு பக்கமும் அரை அரை அங்குலம் போகும். 96 என்று நம்பியிருந்த அறை 94½ ஆக இருக்கும்; சுவரோடு சுவராகச் செய்யச் சொன்ன அலமாரியைக் கொண்டுவந்து நிறுத்தும்போதுதான் அந்த ஒன்றரை அங்குலம் பல்லைக் காட்டும்.

இத்துடன் கதவின் அகலம், கீல் எந்தப் பக்கம், முழுதாகத் திறந்தால் எந்தச் சுவரில் போய்ச் சாய்கிறது, ஜன்னலின் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், ஸ்விட்ச் போர்டு எங்கே, ஃபேன் கொக்கி எங்கே, தூணோ உத்தரமோ எங்கே பிதுங்குகிறது என்று எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். ஃபேன் கொக்கியைப் பெரும்பாலும் யாரும் அளப்பதில்லை. அது என்ன வம்பு செய்யும் என்பது பின்னால் வரும்.

கடைக்குப் போவதற்கு முன் தரையில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் கட்டிலையும் அலமாரியையும் முழு அளவில் வரைந்து பாருங்கள். உயரமான சாமானுக்கு டேப் போதாது. அட்டைப்பெட்டிகளை அடுக்கித் தோள் உயரத்துக்காவது கொண்டுவந்தால்தான் நெருக்கடி எப்படி இருக்கும் என்று உடம்புக்குத் தெரியும். ஓரிரண்டு நாள் அந்த அறையில் நடமாடிப் பார்த்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

நடைவழியை முதலில் ஒதுக்குங்கள்

கதவிலிருந்து அறையின் மறு கோடி வரை ஒரு வழி வேண்டும். அதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் சாமான். 30 அங்குலம் இருந்தால் தட்டோ துணிக்கூடையோ கையில் வைத்துக்கொண்டு நேராக நடக்கலாம். 24 என்பது குறைந்தபட்சம். 18 என்றால் பக்கவாட்டில் திரும்பித்தான் போக வேண்டும். கட்டிலில் ஏறி இறங்க மட்டும் அது போதும், போக்குவரத்துக்கு ஆகாது. டிராயரை இழுத்து, அதன் முன் குனிந்து நிற்க 36 வேண்டும்.

இந்த எண்களை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை, ஏனென்றால் நடக்கும்போது உடம்பில் அகலம் கேட்பது தோளும் முழங்கையும். கால்களுக்குக் கொஞ்சம் போதும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் முழங்கால் உயரக் கட்டில் என்றால் 22 அங்குலத்தில்கூட மூச்சு முட்டாது, தோள் கட்டிலுக்கு மேலே இருக்கும் வெற்றிடத்தில் போகும். அதே 22 அங்குலம் சுவருக்கும் 7 அடி அலமாரிக்கும் நடுவில் இருந்தால் சந்தில் மாட்டிய மாதிரிதான். எங்கே வழி குறுகுகிறதோ அங்கே தாழ்ந்த சாமான் நிற்கட்டும். உயரமானது எதிரே வெறுந்தரை இருக்கும் இடத்துக்குப் போகட்டும்.

வழி வளைந்து வளைந்து போகக் கூடாது. அலமாரி இடது பக்கம், அதைத் தாண்டியதும் மேசை வலது பக்கம், அப்புறம் கட்டில் மறுபடி இடது என்று போட்டால், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு முனை இடுப்பில் இடிக்கும். இரவு விளக்கில்லாமல் எழுந்து நடப்பவர் தடவாமல் கதவுக்குப் போக முடிகிறதா என்பதே சோதனை.

கட்டில்

மெத்தையின் அளவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டு ஏமாறுபவர்கள் நிறைய. குயின் மெத்தை 60 × 78 அங்குலம். அதைத் தாங்கும் மரக்கட்டில் பக்கப் பலகைகளோடு 63 அகலமும், தலைமாட்டுப் பலகையோடு 82 நீளமும் வந்துவிடும். தலைமாட்டில் சாமான் வைக்கும் பெட்டி வைத்த மாடலானால் இன்னும் 8 முதல் 10 அங்குலம். இனி வரும் கணக்கில் 63 × 82 என்றே வைத்துக்கொள்வோம்.

அறை 96 அங்குல அகலம் என்றால் கட்டிலைப் போட மூன்று விதம்.

முதலாவது, தலைமாடு குட்டைச் சுவரில், அதாவது 8 அடிச் சுவரில், கட்டில் நடுவில். 96-இல் 63 போக 33. இரண்டு பக்கமும் பதினாறரை அங்குலம். பக்கத்துக்கு ஒருவர் ஏறி இறங்கலாம், விரிப்பு மாற்றலாம். ஆனால் பக்கமேசைக்கு இடம் இல்லை. கட்டில் அறையின் கோடியில் இருந்து, அதைத் தாண்டிப் போக வேண்டிய தேவை இல்லாவிட்டால் மட்டும் இது சரி. அந்தக் கோடியில் பால்கனிக் கதவோ கழிவறைக் கதவோ இருந்தால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தலைமாடு அதே குட்டைச் சுவரில், ஆனால் ஒரு பக்கம் நீளச் சுவரை ஒட்டி. 33 அங்குலமும் ஒரே பக்கம் கிடைக்கிறது. ஒருவர் படுக்கும் அறைக்கு இதுதான் சிறந்தது. இருவர் என்றால் உள்ளே படுப்பவர் மற்றவரைத் தாண்டித்தான் எழ வேண்டும். வயதானவர்களுக்கும் இரவில் அடிக்கடி எழுபவர்களுக்கும் இது ஒத்துவராது. சுவரோடு முழுக்க ஒட்டவும் வேண்டாம். 3 அங்குலம் விட்டால்தான் விரிப்பின் ஓரத்தைச் செருகக் கை போகும். அப்புறமும் வழி 30 இருக்கும். அந்த 3 அங்குல இடுக்கில் தலையணையும் செல்போனும் விழும் என்பதால் மெத்தை உயரத்தில் ஒரு மரச்சட்டம் வைத்து அடைப்பது வழக்கம். விரிப்பு மாற்றும்போது தூக்கி எடுக்கிற மாதிரி இருக்கட்டும்.

மூன்றாவது, தலைமாடு நீளச் சுவரில், கட்டில் அறைக்குக் குறுக்கே. 96-இல் 82 போக 14. இந்த இடுக்கில் யாரும் நடக்க முடியாது. இதில் நல்ல விஷயம் ஒன்று: குறுக்கே கிடக்கும் கட்டில் நீளத்தை வெட்டுவதால் அறை சதுரமாகத் தெரியும். அகலம் 9 அடி இருந்தால் கால்மாட்டில் 26 அங்குலம் மிஞ்சும், ஒப்பேற்றலாம். ஒன்பதரை அடியில் 32, தாராளமாகப் போடலாம். 8 அடி அறையிலேயே குறுக்கே போட வேண்டுமானால் கட்டில் கடைசிக் கோடியில், மூன்று பக்கமும் சுவர் சூழ, முன்பக்கம் மட்டும் ஏறுகிற மாதிரி இருக்க வேண்டும். அப்போது கோடிச் சுவரில் இருக்கும் ஜன்னலைத் திறக்கக் கட்டில்மேல் முழங்காலிட்டுத்தான் போக வேண்டும். மெத்தையைத் திருப்பிப் போடுவதும் கொஞ்சம் பாடு.

அறை 7 அடிதான் என்றால் குயின் கட்டிலை மறந்துவிடுங்கள். 84-இல் 63 போனால் 21. 48 அங்குல மெத்தை போட்டால் 33 மிஞ்சும். இருவர் படுக்க அது நெருக்கம்தான், ஆனால் அறை உயிரோடு இருக்கும். கிங் அளவு மெத்தை 72 × 78. அதை 8 அடி அறையில் போடச் சொல்லும் விற்பனையாளர் உங்கள் அறையைப் பார்க்கவில்லை.

கால்மாட்டுப் பலகை இல்லாத கட்டிலாக வாங்குங்கள். அது நீளத்தில் எடுக்கும் 2, 3 அங்குலம் பெரிய விஷயமில்லை. ஒடுங்கிய வழியில் திரும்பும்போது தொடையில் இடிப்பது அதன் முனைதான். கட்டிலின் கால்கள் விளிம்பிலிருந்து சில அங்குலம் உள்ளே தள்ளி இருந்தால் கால்விரல் இடிபடாது, அடியில் தரையும் தெரியும்.

கட்டிலுக்கடியில் சாமான் வைக்கும் வசதி வேண்டுமென்றால், பக்க டிராயரா, தூக்கும் கட்டிலா என்பதை வழியின் அகலம் முடிவு செய்யட்டும். பக்க டிராயர் 18 முதல் 20 அங்குலம் வெளியே வரும். 30 அங்குல வழியில் அதை இழுத்துவிட்டால் நிற்க 10 அங்குலம்தான். பதினாறரை அங்குலப் பக்கத்தில் அது முழுதாகத் திறக்கவே திறக்காது. தூக்கும் (ஹைட்ராலிக்) கட்டிலில் மெத்தை கால்மாட்டிலிருந்து மேலெழும்புவதால் பக்கத்தில் இடம் கேட்காது, கால்மாட்டில் நிற்க 24 அங்குலம் இருந்தால் போதும். பலகையைத் தூக்கிப் பிடிக்கும் பிஸ்டன் மெத்தையின் கனத்துக்கு ஏற்றதுதானா என்று கேட்டு வாங்குங்கள். மெத்தை கனத்துக்குப் பிஸ்டன் தளர்ந்தால் தூக்கிய பலகை நிற்காமல் இறங்கும். பிஸ்டன் மிகக் கடினமாக இருந்து மெத்தை லேசாக இருந்தால் பலகை தானாக எழும்பிக்கொண்டே இருக்கும்.

அலமாரி

அகலம் அதிகம் பறிபோவது இங்கேதான். ஹேங்கர் ஒன்று 17, 18 அங்குலம். சட்டைத் தோள் கதவில் உரசாமல் தொங்க உள்ளே 22 அங்குலம் ஆழம் தேவை; கதவும் முதுகுப் பலகையும் சேர்ந்தால் 24. ஸ்லைடிங் கதவானால் இரண்டு தண்டவாளங்களுக்கும் சேர்த்து 26, 27. கீல் கதவு திறக்கும்போது மட்டும் 18 அங்குலம் இடம் கேட்கும். ஸ்லைடிங் திறக்கும்போது ஒன்றும் கேட்காது, ஆனால் 2, 3 அங்குலத்தை நிரந்தரமாக எடுத்துக்கொள்ளும். அதனால் அலமாரிக்கு எதிரே 4 அடிக்கு மேல் வெறுந்தரை இருந்தால் கீல் கதவு. எதிரே கட்டில் இருந்து, நடுவில் இரண்டரை அடிதான் என்றால் ஸ்லைடிங். இடம் மிச்சம் என்று நினைத்து எல்லா ஒடுங்கிய அறைக்கும் ஸ்லைடிங் போடுவது தவறு. ஒரு நேரத்தில் பாதி அலமாரிதான் திறக்கும், தண்டவாளத்தில் தூசி சேர்ந்தால் சக்கரம் திக்கும்.

ஸ்லைடிங்கில் தச்சர்கள் அடிக்கடி கோட்டை விடுவது உள் டிராயர்களில். 60 அங்குல அலமாரிக்கு இரண்டு கதவு என்றால் ஒவ்வொன்றும் 31 போல இருக்கும். நடுவில் 2 அங்குலம் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும். கதவை முழுதாகத் தள்ளினாலும் திறப்பு 29-தான். உள் டிராயரை 30 அங்குலத்துக்குச் செய்தாலோ, நடுவில் வைத்தாலோ அது கதவின் விளிம்பில் முட்டி வெளியே வராது. டிராயர் ஒரே கதவின் பின்னால், ஓரத்தோடு, 27 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

கீல் கதவிலும் இதே மாதிரி ஒன்று உண்டு. அலமாரி மூலைச் சுவரை ஒட்டி நிற்கும்போது, சுவர்ப் பக்கக் கதவின் கைப்பிடி சுவரில் முட்டும். கதவு முழுக்கத் திறக்காது. கதவு சரியாக 90 பாகை திறந்து நின்றால், அதன் கனம் உள் டிராயரின் வழியில் அரை அங்குலம் வந்து நிற்கும், டிராயர் உரசும். சுவருக்கும் அலமாரிக்கும் நடுவில் 2 அங்குலப் பட்டை வைத்து அடைத்துவிட்டால் இரண்டும் தீரும். செய்யத் தரும் முன் வரைபடத்தில் அந்தப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். செய்து முடித்தபின் அதை நுழைக்க இடம் இருக்காது.

24 அங்குல ஆழம் கட்டாயமா? தொங்கவிடும் உடைக்குத்தான் கட்டாயம். மடித்து வைக்கும் துணிக்கு 14 முதல் 16 அங்குலம் போதும். ஆழம் கூடினால் பின்வரிசையில் போனது பின்வரிசையிலேயே மறந்துபோகும். இதனால் ஒரு நல்ல ஏற்பாடு: கதவுப் பக்கம் 3 அடி நீளத்துக்கு 24 ஆழத்தில் தொங்கவிடும் பகுதி, அதை அடுத்து 16 ஆழத்தில் தட்டுகள். அறையில் நுழைந்ததும் வழி கொஞ்சம் குறுகி, உள்ளே போகப் போக அகலும். முழுக்க 16-இலேயே செய்ய வேண்டிய நிலை என்றால், முன்னால் இழுக்கும் கம்பியில் உடைகளை நம்மைப் பார்த்தவாறு ஒன்றன்பின் ஒன்றாக மாட்டலாம். கம்பிக்கு ஆறேழு உடைகள்தான் பிடிக்கும். அதிகத் துணி உள்ளவர்களுக்குப் பயன்படாது.

இருக்கும் இரும்பு பீரோவைப் பயன்படுத்துபவர்கள் அதன் கதவு எந்தப் பக்கம் திறந்து எதை மறைக்கிறது என்று பார்த்து வையுங்கள். பீரோவும் புது அலமாரியும் வெவ்வேறு ஆழத்தில் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் நீளச் சுவர் பல்லுப் பல்லாகத் தெரியும். முன்முகம் ஒரே கோட்டில் வருமாறு ஆழம் குறைந்ததைச் சற்று முன்னே தள்ளி வைப்பது பார்வைக்கு நல்லது. பின்னால் விழும் இடைவெளி காற்றோட்டத்துக்கு உதவும்.

வெளிச்சுவரில் அலமாரியைச் சேர்த்துச் செய்யும்போது முதுகுப் பலகை இல்லாமல் சுவரையே முதுகாக விட்டுவிட்டால் மழைக்காலத்தில் ஈரம் துணிக்கு வந்துவிடும். பலகை வைத்து, சுவருக்கும் அதற்கும் ஒரு அங்குலமாவது காற்று ஓட விட வேண்டும். முடிந்தால் அலமாரியை உள்சுவருக்கு மாற்றுவதே மேல்.

ஒரு முழு அமைப்பு

96 × 180 அங்குல அறை. கதவு ஒரு குட்டைச் சுவரின் இடது மூலையில், 32 அங்குலம், இடது நீளச் சுவரில் சாய்கிறது. ஜன்னல் எதிர்க் குட்டைச் சுவரில்.

கட்டில் ஜன்னல் பக்கக் கோடியில். 180-இல் 82 போக 98 அங்குல நீளம் மிச்சம். வலது நீளச் சுவரில் கதவுப் பக்க மூலையிலிருந்து தொடங்கி, 2 அங்குலப் பட்டையும் சேர்த்து 72 அங்குல நீளத்துக்கு அலமாரி, ஆழம் 24. கட்டிலின் கால்மாட்டுக்கும் அலமாரிக்கும் நடுவில் 26 அங்குலம் வரும். இடது சுவரில், திறந்த கதவு சாயும் 32 அங்குலத்தை விட்டுவிட்டு, 40 அங்குல நீளம், 20 ஆழத்தில் ஒரு மேசை. மேசைக்கும் கால்மாட்டுக்கும் நடுவிலும் அதே 26. மேசை முகப்புக்கும் அலமாரி முகப்புக்கும் இடையில் 52 அங்குலம் இருக்கும்: ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போதே மற்றவர் 18 அங்குலக் கதவைத் திறக்கலாம். நாற்காலி வேலை முடிந்ததும் மேசைக்கடியில் போய்விட வேண்டும். கைவைத்த பெரிய சுழல் நாற்காலி இங்கே சரிப்படாது.

இந்த அமைப்பில் கட்டில் நடுவில் நின்றாலும் ஓரமாக நின்றாலும் மற்றவை மாறாது. ஜன்னல் தலைமாட்டில் வருவதால் அதன் அடிவிளிம்பு தலைமாட்டுப் பலகையைவிட உயரமாக இருக்கிறதா, மழை பெய்தால் சாரல் மெத்தையில் விழுமா என்று பாருங்கள். விழும் என்றால் கட்டிலின் தலைமாட்டைச் சுவரிலிருந்து 6 அங்குலம் தள்ளி, இடையில் ஜன்னல் உயரத்துக்குக் கீழே ஒரு ஒடுங்கிய தட்டு வைக்கலாம்; பக்கமேசைக்கு அதுவே பதில். கால்மாட்டு இடைவெளி 20 ஆகக் குறையும் என்பதால் மேசையையும் அலமாரியையும் 4, 5 அங்குலம் சுருக்க வேண்டி வரும்.

கதவு நீளச் சுவரின் நடுவில் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். ஒரு கோடி படுக்கைக்கு, மறுகோடி அலமாரிக்கும் உடை மாற்றவும். வழியே தேவையில்லாமல் நடுப்பகுதி காலியாக நிற்கும்.

ஃபேன், விளக்கு, ஸ்விட்ச்

ஃபேன் கொக்கி பெரும்பாலும் அறையின் நட்டநடுவில்தான் இருக்கும். 180 அங்குல அறையில் அது சுவரிலிருந்து 90-இல். கட்டிலோ கோடியிலிருந்து 82 வரை. ஆக, ஃபேன் உங்கள் பாதத்துக்குக் காற்றுவீசும், முகத்துக்கு வராது. கொக்கியைத் தலைமாட்டுச் சுவரிலிருந்து 45, 50 அங்குலத்துக்கு மாற்றினால் மார்புக்கு நேரே வரும்.

இன்னொரு கணக்கு இதைவிட முக்கியம். 4 அடி ஃபேனின் இறக்கை நடுவிலிருந்து 24 அங்குலம் சுற்றும். 96 அங்குல அகலத்தின் நடுவில், அதாவது 48-இல், கொக்கி இருந்தால் இறக்கை நுனி சுவரிலிருந்து 24 அங்குலத்தில் போகும். உங்கள் அலமாரியின் ஆழமும் 24. சீலிங் வரை அலமாரி செய்தால் இறக்கை அதன் முகத்தை உரசிக்கொண்டு சுற்றும். அலமாரியின் உச்சியில் வரும் பரண் கதவைத் திறந்தால் நேராக இறக்கையில் அடிக்கும். சிறிய 3 அடி ஃபேன் போட்டால் 6 அங்குலம் விலகும், ஆனால் பரண் கதவு 18 அங்குலம் வெளியே வருவதால் அப்போதும் அடிக்கும். அலமாரி நிற்கும் நீளப் பகுதிக்கு மேலே ஃபேன் இருக்கவே கூடாது. கொக்கியைக் கட்டில் பக்கம் நகர்த்த இது இரண்டாவது காரணம். நகர்த்த முடியாவிட்டால் அந்தப் பகுதியில் பரணைத் தவிர்த்துவிட்டு, அலமாரியை இறக்கை மட்டத்துக்கு நன்றாகக் கீழேயே நிறுத்திக்கொண்டு, கட்டிலுக்கு மேலே சுவர் ஃபேன் மாட்டுங்கள்.

ஏசி குட்டைச் சுவரில் இருந்தால் காற்று அறையின் நீளம் முழுக்கப் போகும். நீளச் சுவரில் மாட்டினால் 8 அடியில் எதிர்ச் சுவரில் மோதித் திரும்பும், அதற்கு நேர் கீழே படுப்பவர் நடுங்க, மறுகோடி புழுங்கும்.

நடுவில் ஒரே விளக்கு போட்டால் இரு கோடிகளும் இருண்டு, அறை இன்னும் நீளமாகத் தெரியும். கட்டில் பகுதிக்கு ஒன்று, அலமாரிப் பகுதிக்கு ஒன்று எனத் தனித்தனி விளக்கும் தனித்தனி ஸ்விட்சும் வையுங்கள். அலமாரி விளக்கு அதன் முகத்திலிருந்து ஒன்றரை அடி முன்னால் இருக்கட்டும். உள்ளே வெளிச்சம் போக வேண்டும், நம் நிழல் விழக் கூடாது. ஃபேன் இறக்கைக்கு மேலே விளக்கு இருந்தால் வெளிச்சம் வெட்டி வெட்டி அடிக்கும். படிக்கும் விளக்கைச் சுவரிலேயே மாட்டிவிடுங்கள், பக்கமேசையில் இடம் மிச்சம்.

ஒரு விளக்குக்காவது கதவருகிலும் கட்டிலருகிலும் டூ-வே ஸ்விட்ச் அவசியம். நீளமான அறையில் விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் 12 அடி நடந்து வந்து படுப்பது தினப்படி தொல்லை. பிளக் பாயின்டுகள் கட்டிலின் விளிம்பிலிருந்து 6 அங்குலம் வெளியே, மெத்தைக்குச் சற்று மேலே இருக்கட்டும். கட்டில் எங்கே என்று முடிவாகும் முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டால் பாயின்ட் தலைமாட்டுப் பலகைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளும்.

கண்ணுக்கு அகலமாக்குவது

நீளச் சுவர்கள் இரண்டும் வெளிர் நிறம். கோடியில் தெரியும் குட்டைச் சுவர் மட்டும் சற்று அடர்த்தியான நிறம். அடர் நிறம் கண்ணுக்கு அருகே வருவதால் நீளம் குறைந்த மாதிரி இருக்கும். மாற்றிச் செய்தால், அதாவது நீளச் சுவரில் அடர் நிறம் அடித்தால், அறை சந்தாகிவிடும். நீளச் சுவரில் படுக்கைக்கோடுகள் போட்ட வால்பேப்பரும் வேண்டாம், கோடு கண்ணை இழுத்துக்கொண்டு கோடிக்குப் போகும்.

கண்ணாடியை நீளச் சுவரில், ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழும் தூரத்தில் மாட்டுங்கள். அகலம் இரட்டித்த மாதிரி தெரியும். கோடிச் சுவரில் பெரிய கண்ணாடி வைத்தால் இரட்டிப்பது நீளம். அலமாரிக் கதவிலேயே கண்ணாடி பதிப்பது இரண்டு வேலையையும் முடிக்கும். கட்டிலில் படுத்தபடி நம்மையே பார்க்க வேண்டியிருக்கிறதா என்று மட்டும் யோசித்துக்கொள்ளுங்கள், பலருக்கு அது பிடிப்பதில்லை.

குட்டைச் சுவர் ஜன்னலுக்குத் திரைச்சீலையைச் சுவரின் முழு அகலத்துக்கும், தரை வரைக்கும் விடுங்கள். ஜன்னல் 3 அடியாக இருந்தாலும் 8 அடிக்குக் கம்பி போட்டால் அந்தச் சுவர் அகன்று தெரியும். திரையை ஒதுக்கும்போது அது கண்ணாடியை மறைக்காமல் சுவர்ப்பக்கம் போய் நிற்கும். தரைவிரிப்பு நீளவாக்கில் ஓடும் ஒடுங்கிய ஒன்றாக இருக்கக் கூடாது. கட்டிலின் கால்மாட்டுக்கடியில் குறுக்கே விரித்து, இருபுறமும் எட்டிப் பார்க்கிற மாதிரி ஒன்று போதும். ஓரங்கள் வழுக்காமல் இருக்க அடியில் ரப்பர் வலை விரியுங்கள், அதோடு அலமாரிக் கதவின் அடிவிளிம்பு விரிப்பில் சிக்குகிறதா என்று திறந்து பாருங்கள்.

உள்ளே கொண்டுவருவது, நிறுத்துவது

தயாராகச் செய்த அலமாரியைப் படுக்கவைத்துக் கொண்டுவந்து அறைக்குள் நிமிர்த்துவார்கள். நிமிர்த்தும்போது அதன் குறுக்குமூலை சீலிங்கைத் தொடாமல் இருக்க வேண்டும். 84 அங்குல உயரம், 24 ஆழம் என்றால் மூலைக்கு மூலை ஏறக்குறைய 87½. 90 உயரம் என்றால் 93-ஐத் தாண்டும். 8 அடி சீலிங்கில் உத்தரமோ பொய்ச் சீலிங்கோ இருந்தால் 90 அங்குல அலமாரி நிமிராது. அப்படியானால் பரண் பகுதி தனிப்பெட்டியாக வரட்டும். ஸ்பிரிங் மெத்தை மடியாது என்பதால், 3 அடி நடையிலிருந்து கதவுக்குள் திரும்பும்போது 78 அங்குல நீளம் திரும்புமா என்று அட்டையை அந்த நீளத்துக்கு வெட்டிப் பார்த்துவிட்டு ஆர்டர் கொடுங்கள்.

உயரமான அலமாரி எதுவானாலும் மேல்பக்கத்தை எல்-கிளாம்ப் வைத்துச் சுவரோடு திருகுங்கள். ஒடுங்கிய அறையில் அது சாய்ந்தால் ஒதுங்க இடம் கிடையாது; டிராயர்களைப் படியாக்கி ஏறும் குழந்தை இருக்கும் வீட்டில் இதைத் தள்ளிப்போடவே கூடாது.

இரண்டு குழந்தைகளுக்கு என்றால்

நீளமான அறை இங்கேதான் கைகொடுக்கும். 36 × 75 அங்குலக் கட்டில் இரண்டை ஒரே நீளச் சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்டால் 150 அங்குலம் எடுக்கும். சட்டங்களுக்கு இன்னொரு 6, 7. கதவு அந்தச் சுவர்ப்பக்கம் சாயாவிட்டால் 180-இல் அடங்கும், எதிரே ஐந்தடி அகலத்தில் விளையாட இடமும் இருக்கும். இரு தலைமாடுகளும் நடுவில் சந்தித்தால் இரவெல்லாம் பேச்சு. கால்மாடுகள் சந்தித்தால் கொஞ்சம் தூக்கம் உண்டு.

அடுக்குக் கட்டில் போடுவதானால் மேல் மெத்தைக்கும் சீலிங்குக்கும் 3 அடியாவது வேண்டும், மேல்தட்டின் தடுப்பு மெத்தையைவிடக் குறைந்தது 5 அங்குலம் உயர்ந்து நிற்க வேண்டும். தடிமனான மெத்தை போட்டால் அந்த 5 அங்குலம் காணாமல் போய்விடும், அதனால் மேல்தட்டுக்கு மெல்லிய மெத்தையே சரி. 6 வயதுக்குக் குறைந்த குழந்தையை மேலே படுக்கவிடக் கூடாது. 8 அடி அறையின் நடுவில் சுற்றும் 4 அடி ஃபேனின் இறக்கை, 3 அடி அகல மேல்தட்டுக்கு மேலே ஓரடி உள்ளே வரைக்கும் வரும். எழுந்து உட்காரும் குழந்தையின் கை அங்கே எட்டும். அந்த அறையில் சீலிங் ஃபேனைக் கழற்றிவிட்டுக் கூண்டு போட்ட சுவர் ஃபேனை எதிர்ச் சுவரில் மாட்டிய பிறகே அடுக்குக் கட்டிலை உள்ளே கொண்டுவாருங்கள்.